பெஞ்சில் விரித்த நாளிதழ்

1966 ஜூலை. மெட்ராஸ் கப்பல் வந்து மூன்றாம் நாள், போர்ட் பிளேர் பள்ளியொன்றின் எட்டாம் வகுப்பு. மீனவர் வீட்டு மாணவன் ஒருவன் உட்காரும் இடத்தில் தமிழ் நாளிதழின் தாள் ஒன்று விரிக்கப்பட்டது. விரித்தவர்கள் நால்வர், நால்வரும் அரசு ஊழியர் பிள்ளைகள். தாளைக் கொண்டுவந்தவன் நான்.

காலையில் தகப்பனோடு வலையிலிருந்து மீன் எடுத்துவிட்டு வருபவன் அவன். சட்டையில் வாடை இருக்கும். அதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்களில் ஒருவன் எழுந்து நின்று, இந்தியில் ‘வாங்க ஐயா, உட்காருங்க’ என்று கைகாட்டினான்: “ஆயியே சாப், பைட்டியே. பெஞ்சு அழுக்கா இருக்கு, உங்க நிக்கர் கெட்டுடும்.”

அவன் உட்காரவில்லை. தாளை எடுத்து நின்றபடியே படித்தான். வகுப்பில் தமிழ் நாளிதழ் வாங்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். மணி அடித்ததும் என்னிடம் வந்தான். “நாலாம் பக்கம் பார்க்கன்னு போட்டிருக்கு. அந்தப் பக்கம் இருந்தா கொண்டாறியளா?”

வேடிக்கையை நீட்டிக்க எண்ணி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருமாறு மிகுந்த மரியாதையோடு அழைத்தேன். கப்பலில் கட்டாக வரும் நாளிதழ்களை அப்பா தேதிவாரியாக அடுக்கி, நாளுக்கு ஒன்றாக வாசிப்பார். எங்களைத் தொட விடமாட்டார். அவனை விரட்டிவிடுவார் என்று நம்பினேன். மற்ற மூவரும் வேலிக்கு வெளியே காத்திருந்தார்கள்.

ஞாயிறன்று வந்தவன் மடித்த தாளை அப்பாவிடம் நீட்டினான். “உங்க மகன் படிக்கத் தந்தாரு,” என்றான்.

இரண்டு நாளாக அதைத் தேடிக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்தார். அத்தனை பெருமிதத்தோடு அவர் என்னைப் பார்த்தது அதற்கு முன்பில்லை. பிறகு அவனிடம், “உள்ள வாங்க தம்பி, உட்காருங்க,” என்றார்.

பள்ளி முடியும்வரை ஞாயிறுதோறும் வந்தான். அவன் வாசிப்பான்; அப்பா இடைமறித்து வாதாடுவார். என்னிடம் மதிப்பெண்ணை மட்டும் கேட்டவர் அவனிடம் அபிப்பிராயம் கேட்டார். அடுத்த அறையில் பாடப்புத்தகத்தின் முன் அமர்ந்து, அவன் குரல் எங்கேனும் இடறாதா என்று காத்திருப்பேன். பின்னாளில் பெற்ற பட்டங்கள் எவையும் அந்தப் பொறாமையைத் தணிக்கவில்லை. அப்பா இறந்தபோது நான் டெல்லியில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவன் அவன். சென்ற மாதம் அவனும் இறந்தான்.

செய்யாமல் விட்டவை:

தாளை எதற்காக எடுத்துப்போனேன் என்று அப்பாவிடம் சொல்வது.

கேலி என்று தெரிந்துதான் அன்று அப்பாவிடம் அப்படிச் சொன்னாயா என்று அவனிடம் கேட்பது.

போர்ட் பிளேரை அடுத்த கராச்சர்மாவில் அவன் மனைவியைப் பார்த்துத் துக்கம் விசாரிப்பது.

அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று அவனிடம் கேட்பது. அவன் சொல்ல வந்த இரண்டு முறையும் நான் பேச்சை மாற்றினேன்.