பெட்டி மூடியில் என் பெயர்

ஸபூராவைப் பற்றி எழுதுவதென்றால் என்னைப் பற்றியும் கொஞ்சம் கேவலமாக எழுதவேண்டியிருக்கும். அதைத் தவிர்த்துவிட்டு எழுதலாமென்று இரண்டு தடவை தொடங்கிப் பார்த்தேன். இரண்டு தடவையும் வந்தது பொய். ஏற்கெனவே சொன்ன பொய்யே எனக்கு ஆயுளுக்குப் போதும் என்பதால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஸபூரா யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் இருக்கிறாள். என்னைவிட மூன்று வயது இளையவள். ஒன்பது வயதில், தொண்ணூறாம் ஆண்டு, மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு சேர்த்து இந்த ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டாள். புத்தளத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தாள். இருபத்திரண்டு வயதில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், அந்த வீட்டுக் குசினியில் கேக்கும் டார்ட்டும் பழகினாள். பிறகு சம்சுதீனைக் கலியாணம் செய்து, பதின்மூன்று வருடங்களுக்கு முன் இருவருமாக இங்கே திரும்பிவந்தார்கள். வாப்பாவின் வீட்டில் அப்போது கூரை இல்லை. அறைக்குள் வேம்பு நின்றது. சம்சுதீன் சைக்கிள் திருத்துகிறவர். வேம்பைத் தறித்து, ஓர் அறைக்குத் தகரம் போட்டு, அதற்குள் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். இதையெல்லாம் அவள் கதைகதையாகச் சொன்னதில்லை. டார்ட் வாங்கப் போகும்போது கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்களைத்தான் நான் கோத்துச் சொல்கிறேன்.

அவள் செய்வது தேசிக்காய் டார்ட். எலுமிச்சைப் புளிப்போடு இரண்டு கடியில் முடிந்துபோகும் சின்னச் சாமான். யாழ்ப்பாணத்து வெக்கையில் பட்டர் சேர்த்த மாவைத் தட்டி எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கை பட்டாலே உருகும். ஆகவே சுபஹு தொழுத கையோடு, வெயில் ஏறுவதற்கு முன், தண்ணீர் நிரப்பி உறையவைத்த போத்தலால் மாவை உருட்டுவாள். அச்சில் படியவைத்து முள்ளுக்கரண்டியால் குத்தி, வெறுங்கோதாக முதலில் சுட்டெடுப்பாள். அவளுடைய மின்சார அவணின் கதவு சரியாக மூடாது. முக்காலி ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருப்பாள். உள்ளே வைக்கும் களிக்கு முட்டை மஞ்சட்கரு, சீனி, பட்டர், தேசிக்காய்ச் சாறு எல்லாவற்றையும் கொதிநீருக்கு மேல் பிடித்துக் கை ஓயாமல் கிண்டவேண்டும். கடைசியில் பச்சைத் தோலை மட்டும் துருவிப் போடுவாள். வெள்ளைத்தோல் விழுந்தால் கைக்கும் என்பாள்.

பெட்டி மாறிப்போகாமல் இருக்க, ஓடர் கொடுத்தவரின் பெயரை மூடியில் பேனாவால் எழுதி அடுக்குவாள். என் பெட்டியில் ‘கீர்த்திகா அக்கா’ என்று இருக்கும்.

போன ஆவணியில் எங்கள் அலுவலகத்தில் லியோன் சேர் ஓய்வுபெற்றார். நான் அங்கே எழுதுநராக இருக்கிறேன். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களின் பிரதிகளை எழுதிக் கொடுப்பது என் வேலை. பிரியாவிடைக்கு இனிப்புக் கொண்டுவருவது என் பொறுப்பென்று தலையில் கட்டிவிட்டார்கள். நான் ஸபூராவுக்குத் தொலைபேசி எடுத்து, எங்கள் அலுவலகத்துக்கு நாற்பது டார்ட் வேண்டும் என்று சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அது நல்லூர்த் திருவிழாக் காலம். கொடியேற்றத்துக்கு முதல்நாளே வீடு கழுவி, மச்சச் சட்டிகளைக் கட்டி மேலே போட்டுவிட்டு, இருபத்தைந்து நாளும் சைவமாக இருக்கும் ஊர் இது. என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் முட்டை வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அவ்வளவு பக்தி.

பெட்டியைத் திறந்தபோது நடுவிலிருந்த களி வழக்கமான மஞ்சளாக இல்லை, வெளிறிக் கிடந்தது. அவசரத்தில் செய்து தள்ளியிருக்கிறாள் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு தட்டில் அடுக்கினேன்.

பூரணம் அக்காதான் எங்களில் மூத்தவர். அந்த வருடம் அவர் கடும் விரதம். கணவருக்கு நெஞ்சில் ஒப்பரேசன் செய்ய நாள் குறித்திருந்தார்கள். வெளிச் சாப்பாடு எதுவும் தொடாமல், ரோல்ஸ், கேக் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுக் கதிரையில் சும்மா இருந்தார். டார்ட் தட்டு வந்ததும் மணத்துக்கோ என்னவோ நிமிர்ந்து பார்த்தார்.

“இது எங்கை எடுத்தது?” என்று கேட்டார்.

கூட வேலைசெய்யும் சுதாகரன் பெட்டி மூடியைத் தூக்கிக் காட்டினான். “இஞ்சை பேரே எழுதிக் கிடக்கு. எங்கடை கீர்த்திகா அக்கா!”

“நீர் வீட்டிலை செய்தனீரோ?”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். இல்லை அக்கா, ஸபூரா என்றொரு பிள்ளை செய்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதிப் பேர் எடுத்த டார்ட்டை மெல்லக் கீழே வைப்பார்கள்; திருவிழா நேரத்தில் முஸ்லிம் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்தவள் என்று என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பயம் பாதி. எல்லாரும் என்னையே பார்த்துச் சிரித்த அந்தச் சந்தோஷம் மீதி. எது கூடுதல் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“ஓம் அக்கா, நான்தான் செய்தனான்” என்றேன்.

“அப்ப தாரும். உம்மடை வீடு கொடியேத்தத்துக்கே கழுவித் துடைச்ச வீடெல்லோ.”

அவர் ஒன்றை எடுத்துக் கடித்தபோதுதான் ஸபூராவின் குசினியில் நான் ஒருநாள் பார்த்த கோப்பையும், அதற்குள் கிடந்த மஞ்சட்கருக்களும் நினைவில் வந்தன. ‘அக்கா, தின்னாதேங்கோ’ என்று தொண்டைவரை வந்தது. அவர் இரண்டாவதையும் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. “கந்தன் என்ரை விரதத்தைப் பாத்திட்டான்” என்று பூரணம் அக்கா கண்கலங்கச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு இறங்காது. விரதத்தை நான் முறித்துவிட்டேனே, அது தெரிந்தால் இந்த மனுசி என்ன பாடுபடும் என்று நினைப்பேன். இவ்வளவு தெரிந்தவள் பொய்யை நிறுத்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் டார்ட் என் கையில் வந்தது. மாவை எப்படிக் குழைப்பது என்று கேட்டவர்களுக்கு வகுப்புக்கூட எடுத்தேன். வெட்கம் கெட்டவள்.

ஐப்பசியில் ஒருநாள், சுதாகரனுக்கு மகள் பிறந்ததற்காக ஒரு பெட்டி கொண்டுபோயிருந்தேன். பதினொரு மணியளவில் தன் மகள் ஜிஹானாவின் பிறப்புச் சான்றிதழ் பிரதிக்காக ஸபூரா வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

நான் வாய் திறப்பதற்குள் சுதாகரன் தட்டோடு வந்துவிட்டான். அன்றைக்கு வந்த ஆட்கள் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். “எடுங்கோ தங்கச்சி. எனக்கு மகள் பிறந்திருக்கிறா. இது கடைச் சாமான் இல்லை, கீர்த்திகா அக்கா தன்ரை கையாலை செய்தது.”

பூரணம் அக்காவும் தன் பங்குக்குத் திரும்பினார். “பயப்பிடாமல் சாப்பிடும் பிள்ளை. நான் விரத நாளிலையே இவவின்ரை கையாலை சாப்பிட்டனான்.”

ஸபூரா என்னைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். விடியற்காலையில் தான் உருட்டிச் சுட்டு, தன் கையெழுத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பிய சாமானை, யாரோ செய்ததைப்போல மெதுவாக மென்றாள். நான் பேனாவை மூடியும் திறந்தும் கொண்டிருந்தேன்.

“நல்லா இருக்கு” என்று சுதாகரனிடம் சொன்னாள். “தேசிக்காய்த் தோல்தான் ஒரு சொட்டுக் கூடிப்போச்சு. அடுத்தமுறை குறைச்சால் சரி.”

“கேட்டீங்களே அக்கா, தோலைக் குறைக்கட்டாம்!” என்று அவன் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவளுடைய மகளின் பெயரை எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். “வாறன் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். போகாமல் விட்டிருந்தால் பிறகு அந்த ஒழுங்கைப் பக்கமே தலைகாட்டியிருக்க மாட்டேன். அவள் வாசலில் உட்கார்ந்து அச்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ அக்கா. பிளேன்ரீ குடிக்கிறியளோ?”

“ஸபூரா, காலமை நடந்தது...”

“கோவமில்லை எண்டு சொன்னால் பொய்” என்றாள் அச்சைக் கீழே வைக்காமலே. “வீட்டை நடந்து வரேக்கை அழுதனான். வித்த சாமான்தானே, ஆரின்ரை பேரிலை போனால் என்ன எண்டு மனதைத் தேத்திப் பாத்தன், தேறேல்லை. ஆனால் அது பரவாயில்லை அக்கா. அந்தப் பெரியவ சொன்னாவே, விரத நாளிலை சாப்பிட்டனான் எண்டு. அதுதான் குத்துது. நானும் நோன்பு பிடிக்கிற ஆள். என்ரை நோன்பிலை ஆரும் ஒண்டை மறைச்சு என்னைத் தின்னப் பண்ணினால் எனக்கு என்னமாதிரி இருக்கும்?”

“அதுக்குள்ளை முட்டை வேறை...” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். “எந்த முட்டை? கொடி ஏறிக் கிடக்கு, நீங்கள் கந்தோருக்கு எண்டு நாப்பது கேக்கிறியள். சைவ ஆக்களுக்கு அந்த நேரம் முட்டை போட்டுத் தருவனோ? சீனி போட்ட கட்டி ரின்பாலுக்குள்ளை தேசிக்காய்ப்புளி விட்டால் அதுவே இறுகும். புதுச் சட்டி, புது அகப்பை எடுத்தனான். அச்செல்லாம் கொதிதண்ணியிலை அவிச்சனான். வெள்ளையாக் கிடந்ததை நீங்கள் பாக்கேல்லையோ?”

பார்த்தேன். பார்த்து, அவசரத்தில் தள்ளியிருக்கிறாள் என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

“ஆனால் எங்கடை அவண் இறைச்சிப் பற்றிஸ் சுடுற அவண்தான்” என்றாள். “அதை நான் ஒளிக்கமாட்டன். அதாலைதான் சொல்லுறன், அவவுக்குத் தெரியவேணும். நீங்கள் சொல்லுங்கோ.”

அடுத்தநாள் வேலை தொடங்குமுன் பூரணம் அக்காவிடம் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“முட்டை?”

“போடேல்லை அக்கா. நான் சொல்லாமலே அவ போடேல்லை. புதுச் சட்டியிலை செய்தவ.”

கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“முஸ்லிம் பிள்ளை செய்தது எண்டு சொல்லியிருந்தால் நான் தொட்டிருக்கமாட்டன்” என்றார் கடைசியில். “அது என்ரை குறை. எண்டாலும், தொடுறதோ விடுறதோ நான் யோசிக்கவேண்டியது, நீர் இல்லை. என்ரை விரதத்தை நினைச்சது முகம் தெரியாத அந்தப் பிள்ளை. பக்கத்து மேசையிலை இருந்த நீர் நினைக்கேல்லை. இதை எனக்கு மட்டும் சொல்லிப் போதாது, தெரியுமோ?”

தேநீர் நேரத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுதாகரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப எங்களுக்கு வகுப்பெடுத்தது?” என்று கேட்டான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் போய்க் குழாயடியில் முகம் கழுவினேன்.

பூரணம் அக்கா என்னிடம் விலாசத்தை வாங்கிக்கொண்டு தானாகவே ஸபூராவிடம் போனார். கூட வரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். கார்த்திகையில் கணவரின் பிறந்தநாளுக்கு ஸபூராவின் டார்ட்தான் அலுவலக மேசைக்கு வந்தது. “இது ஸபூரா செய்தது” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக் கொடுத்தார். என்னிடமும் சொல்லித்தான் கொடுத்தார்.

நான் ஸபூராவிடம் திரும்பிப் போக மார்கழி ஆயிற்று. என் தம்பி வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்று ஒரு பெட்டிக்குச் சொல்லியிருந்தேன். அவள் எதுவும் நடக்காததுபோல அடுக்கி மூடி, மேலே ‘கீர்த்திகா அக்கா’ என்று எழுதினாள்.

“என்ரை பேர் வேண்டாம் ஸபூரா” என்றேன்.

“வாங்கிறது நீங்கள்தானே. பெட்டி மாறக்கூடாது.” பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினாள். “செய்தது ஆரெண்டு கீழை நீங்கள் எழுதுங்கோ.”

நாள் முழுக்க ஊராரின் பெயர்களை எழுதுகிறவள் நான். அந்த மூன்று எழுத்தை எழுதும்போது எனக்குக் கை கூசியது.