ஹெல்மெட்டின் உச்சியில் ஒரு கீறல்

என் மச்சாளின் மகனைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் கியூபெக்கில், கார்ட்டியர்வில் என்ற இடத்தில், ஆற்றுக்குக் கிட்ட, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். என் கணவரின் தங்கை குடும்பம் இரண்டாம் மாடியில். இரண்டு வீட்டிலும் பதினாறு வயதில் ஒவ்வொரு மகன். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஃபுட்போல் அணி, அணிக்குள்ளும் ஒரே இடம். பந்தோடு ஓடி வருகிறவனைக் கட்டிப்பிடித்து விழுத்துகிற இடம் அது. அதில் ஒருவன்தான் இறங்கலாம். இறங்கினவன் அவளுடைய மகன். மைதான ஓரத்து வாங்கில் மாற்று ஆளாகக் குந்தியிருந்தவன் என்னுடையவன்.

ஃபுட்போல் என்றதும் நாங்கள் முதலில் உதைபந்தாட்டம் என்றுதான் நினைத்துச் சந்தோசப்பட்டோம். முதல் ஆட்டத்துக்குப் போன பிறகுதான் இது ஹெல்மெட்டும் தோளில் பலகை மாதிரிக் கவசமும் போட்டுக்கொண்டு முட்டுகிற அமெரிக்கப் பந்து என்று விளங்கியது. என் கணவர் பாதியிலேயே எழும்பிப் போய்விட்டார். மச்சாள் எழும்பவில்லை. அவளுடைய மகன் ஓடிப்போய் ஒருவனை இடித்த சத்தம் நாங்கள் இருந்த பார்வையாளர் படிக்கட்டு வரை கேட்டது. சனம் எழுந்து நின்று கத்தியது. அன்றைக்கே அவள் அந்த விளையாட்டின் எல்லாச் சட்டமும் தெரிந்தவள் மாதிரி ஆகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எங்கள் பங்குச் சனம் அவளைச் சுற்றி நிற்கும். வட்டாரப் பத்திரிகையில் அவன் படம் வந்தபோது அவள் பத்துப் பிரதி வாங்கினாள். எனக்கும் ஒன்று தந்தாள். நான் அதைக் கத்தரிக்காய்த் தோல் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

நிலக்கீழ் அறையில்தான் கட்டடத்துக்கெல்லாம் பொதுவான உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள். ஒரு சனிக்கிழமை அவள் தன் மகனின் சேறு படிந்த ஜேர்சியை உள்ளே திணித்துக்கொண்டே என் கூடையை எட்டிப் பார்த்தாள்.

"மச்சாள், உங்கடை மகன்ரை ஜேர்சியைத் தோய்க்கவே தேவையில்லைப் போல கிடக்கு. மடிச்சு வைச்சாக் காணும்."

பகிடிக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். மேலே வந்து அந்தச் சுத்தமான ஜேர்சியைக் கட்டிலில் எறிந்தேன்.

அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்தது. அணிக்கு உதவ, தைக்கத் தெரிந்த பெற்றோர் வேண்டுமாம். நான் ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஆறு வருடம் குளிர் ஜக்கெட் தைத்தவள். அதைவிட, மச்சாள் படிக்கட்டில் மகாராணி மாதிரி இருக்கும்போது நான் அவளைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே நடந்து போகலாம். அடுத்த நாளே போய் நின்றேன்.

அங்கே காயங்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு கியூபெக் பெண் இருந்தாள். ஐம்பது வயது, குட்டை முடி, சிரிப்பு குறைவு. பையன்கள் அவளை மதாம் என்று மட்டும்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஹெல்மெட்டை நாடிக்குக் கீழே பூட்டுகிற பட்டிகளைத் தைக்கக் கொடுத்தவள், ஒரு மாதத்துக்குள் ஹெல்மெட்டுகள் முழுவதையும் என் பொறுப்பில் விட்டுவிட்டாள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் இருக்கவேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோலும் சேர்ந்து திரும்பவேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் திரும்பினால் உள்ளே இருக்கிற பைகளுக்குக் காற்று அடிக்கவேண்டும். ஒவ்வொரு கிழமையும் நாற்பது தலை. என் மகனின் தலையும் மச்சாள் மகனின் தலையும் ஒரே அளவு.

ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும், ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை அதால் நிறுத்த முடியாது என்று மதாம் எப்போதும் சொல்வாள். அதனால் அவளுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. பயிற்சியில் கிழமைக்கு ஒரு நாள்தான் ஆளோடு ஆள் மோதலாம். மற்ற நாட்களில் மெத்தை மூட்டை. அந்த மூட்டைக்குப் பின்னால் அவள் நின்று விரல்களைக் காட்டுவாள். ஓடி வருகிறவன் இடிக்கும் முன்னர் எத்தனை விரல் என்று உரக்கச் சொல்லவேண்டும். தலை நிமிர்ந்திருந்தால்தான் விரல் தெரியும். குனிந்து தலையால் முட்டுகிறவனுக்குத் தெரியாது. என் மகன் ஒருமுறையும் பிழை விடவில்லை. மச்சாளின் மகன் வாயில் வந்த இலக்கத்தைச் சொல்லிவிட்டுக் குனிந்து இடிப்பான். குனிந்தால்தான் அந்தச் சத்தம் வரும். சனத்துக்கும் பயிற்சியாளருக்கும் அந்தச் சத்தம்தான் பிடிக்கும்.

யார் குனிகிறார்கள் என்பதை ஹெல்மெட்டிலேயே கண்டுபிடிக்கலாம் என்று மதாம் காட்டித்தந்தாள். மோதும்போது எதிரணி ஹெல்மெட்டின் நிறம் கீறலாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கீறல் முகத்துக்கு முன்னால் உள்ள கம்பியில் இருந்தால் பரவாயில்லை. உச்சியில் இருந்தால் அவன் தலையைக் கொடுக்கிறான். மச்சாள் மகனின் ஹெல்மெட் உச்சியில் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாகக் கோடுகள். என் மகனுடையது கடையில் வாங்கினது போல் மினுங்கும். என் மகன்தான் ஒழுங்காக விளையாடுகிறான், அவனைத்தான் வாங்கில் இருத்தியிருக்கிறார்கள் என்று எனக்கு அதைத் துடைக்கிற நேரமெல்லாம் பத்திக்கொண்டு வரும்.

செப்டெம்பர் கடைசியில் மச்சாளின் மகன் ஒரு மோதலுக்குப் பிறகு தள்ளாடினான். மதாம் அவனைக் கூப்பிட்டுச் சில கேள்விகள் கேட்டாள். தடுமாறினான். தலையிடி முழுதாக நின்று ஒரு கிழமை போகும்வரை இறங்கக்கூடாது என்றாள். பயிற்சியாளர் முகத்தைத் தூக்கினார், அவள் அசையவில்லை. அடுத்த ஆட்டத்தில் என் மகன் இறங்கினான். ஒரேயொரு ஆட்டம்.

அந்தக் கிழமை மச்சாள் தேத்தண்ணிக்கு மேலே வந்தாள்.

"அந்த மனிசி என்னத்தைக் கேட்டு ஆக்களை நிப்பாட்டுறது? உங்களுக்குத் தெரியுமே மச்சாள்?"

எனக்கு மனதுக்குள் குளிர்ந்தது. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். "தெரியாமலோ? என்னைக் கேட்டுத்தானே எல்லாம் நடக்குது" என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். என்ன கிழமை, எந்த மைதானம், புள்ளி எத்தனை, போன ஆட்டத்தில் யார் வென்றது, மாதங்களைக் கடைசியில் இருந்து முன்னுக்குச் சொல்லு, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நில். பெருமை பிடித்து ஆட்டியதில் அவள் ஏன் கேட்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவள் வீட்டுக் குசினிக்குள் போனபோது கண்டேன். குளிர்சாதனப் பெட்டியில் அந்தக் கேள்விகள் ஒட்டியிருந்தன. மகன் அடுப்படியில் ஒற்றைக் காலில் கண்ணை மூடிக்கொண்டு "தெசாம்ப்ர், நொவாம்ப்ர், ஒக்தோப்ர்" என்று பிரெஞ்சில் ஒப்புவித்துக்கொண்டிருந்தான். அவள் கரண்டியோடு நின்று பிழை பிடித்தாள்.

"ஓகஸ்டிலை நிண்டு யோசியாதை. மளமளவெண்டு சொல்லு."

எங்கள் சனத்துக்குக் கேள்வி என்று ஒன்று இருந்தால் அது சோதனை. சோதனை என்றால் பாடமாக்கவேண்டும். ஊரில் புலமைப்பரிசில் சோதனைக்கு எங்களைப் பாடமாக்க வைத்தார்கள். அவள் மூளைக்கான சோதனைக்கே மகனைப் பாடமாக்க வைத்தாள். அது பிழை என்று எனக்கு அப்போதே தெரியும். சொன்னால் எரிச்சலில் சொல்கிறேன் என்பாள். அதனால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஒக்டோபர் நடுவில், நல்ல குளிர் நாள், மழை பெய்து ஓய்ந்த மைதானம். ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் அவன் குனிந்து போய் ஒருவனை இடித்தான். சத்தம் வந்தது, சனம் எழுந்தது. அவன் எழும்ப நேரம் எடுத்தது. மதாம் அவனை ஓரத்துக்குக் கூட்டிவந்து கேட்டாள். எல்லாம் தண்ணி பட்ட பாடாகச் சொன்னான். தெசாம்ப்ரில் தொடங்கி ஜனவரி வரை ஒரு மூச்சு. ஒற்றைக் காலிலும் நின்றான். மதாம் அவன் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு சரி என்று தலையாட்டினாள். பந்து அப்போது எங்கள் அணியின் கையில் இருந்தது, விழுத்துகிறவர்களுக்கு வேலையில்லை, அதனால் அவன் இறங்க இன்னும் சில நிமிடம் இருந்தது. வந்து எனக்குப் பக்கத்தில் நின்றான்.

"எப்ப மாமி மச் துவங்கும்?" என்று, ஆட்டத்தின் மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது, தமிழில் கேட்டான்.

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். பகிடி விடுகிற முகமில்லை. வாங்கின் மறு நுனியில் என் மகன் கைகளை உரசிக்கொண்டு இருந்தான், ஜேர்சியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. நான் வாயைத் திறந்தால் அவன் இறங்குவான். அதை நினைத்த உடனே எனக்கு ஆசை வந்தது. ஆசை வந்ததால் பயமும் வந்தது. ஊர் என்ன சொல்லும், மச்சாள் என்ன சொல்லுவாள், மச்சாள் மகனின் இடத்தைப் பறித்துத் தன் மகனுக்குக் கொடுத்தவள் என்று எத்தனை வருடம் சொல்லுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நின்றது மட்டும் தெரியும்.

அவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பட்டியைப் பூட்டப் பார்த்தான். விரல் பொத்தானைக் கண்டுபிடிக்கவில்லை.

"மாமி, இதைப் பூட்டிவிடுங்கோ."

நான் பூட்டினேன். நாலு பொத்தானில் இரண்டைப் பூட்டினேன். பழக்கத்தில் புருவத்துக்கு மேல் இரண்டு விரலை வைத்தேன். நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருந்தது.

"எப்ப மாமி மச் துவங்கும்?"

பூட்டின இரண்டையும் பிடுங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதாமிடம் ஓடினேன். என் ஓட்டைப் பிரெஞ்சில் சொன்னேன். இவனுக்குக் கேள்விகள் முதலே தெரியும், பாடமாக்கி வைத்திருக்கிறான், கொடுத்தது நான்தான். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு, உங்கள் பாஷையில் ஏதாவது கேள், அவன் எதிர்பார்க்காத ஒன்று, என்றாள்.

படிக்கட்டில் மூன்றாம் வரிசையில் மச்சாள் மஞ்சள் சால்வையோடு எழுந்து நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்கையடா?" என்று கேட்டேன்.

"அம்மா வேலைக்குப் போட்டா" என்றான். அவளை நேராகப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் அதை மொழிபெயர்த்து, மஞ்சள் சால்வையைக் கையால் காட்டினேன். மதாம் ஹெல்மெட்டை என்னிடம் இருந்து வாங்கித் தன் காலடியில் வைத்தாள். பயிற்சியாளர் என் மகனைப் பார்த்துக் கத்தினார். அவன் ஓடினான். மச்சாளின் மகன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, என் நெஞ்சு சந்தோசத்தில் துள்ளியது. அதை மறைத்து எழுத எனக்கு வழி தெரியவில்லை.

மூளை குலுங்கிப்போனது என்று வைத்தியர் சொன்னார். அதோடு இன்னொரு இடியும் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர் சொல்லத் தொடங்க, மச்சாள் காதைப் பொத்திக்கொண்டாளாம். வெளிச்சம் குறைந்த அறையில் ஓய்வு, அந்தப் பருவம் முழுக்க விளையாட்டு இல்லை. மதாம் தன் கேள்விகளை மாற்றினாள். புதுக் கேள்விகளை என்னிடம் காட்டவில்லை.

பத்து நாள் மச்சாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு நிலக்கீழ் அறையில் இயந்திரத்துக்கு முன்னால் நின்று, முகத்தைப் பாராமல் கேட்டாள்.

"ஒண்டு கேக்கிறன் மச்சாள். என்ரை பிள்ளையைக் காப்பாத்த ஓடினனீங்களோ, உங்கடை பிள்ளையை இறக்க ஓடினனீங்களோ?"

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

அவள் இயந்திரத்தைத் திறந்து ஈர உடுப்பைக் கூடைக்குள் அள்ளினாள்.

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டன்" என்றாள். "வீட்டை வந்து அவனைப் பாருங்கோ. உங்களைக் கேட்டவன்."

கடைசி ஆட்டம் நவம்பர் முதல் சனிக்கிழமை. எதிரணிக்கு மஞ்சள் ஹெல்மெட். என் மகன் தொடக்கத்திலேயே இறங்கினான். நான் ஓரத்தில் நின்று பட்டிகளைத் தைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. சனம் எழுந்து கத்தியது. நிமிர்ந்து பார்த்தேன், எழும்பி வந்தவன் என் மகன். ஆட்டம் முடிந்து என்னைத் தாண்டிப் போகும்போது, "அம்மா, சத்தம் கேட்டதே?" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கண்டதில்லை.

ஹெல்மெட்டுகளை வாங்கித் துடைத்தேன். அவனுடையதின் உச்சியில், நடுவில், விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கீறல். ஈரத் துணியால் தேய்த்தேன், நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. மதாமிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் அவனைக் கூப்பிட்டுப் புதுக் கேள்விகளைக் கேட்டாள். நான் தள்ளி நின்று அவனுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தமுறை ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டாம் மாடியில் நின்றேன். மச்சாளின் மகன் சோபாவில் படுத்திருந்தான். அவள் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுக்க அவனுடைய ஜேர்சியைத் தோய்த்து, மடித்து, கதிரையில் வைத்திருந்தாள். இனிச் சேறே படாத அந்த ஜேர்சியைப் பார்த்து எனக்கு வந்த பொறாமையில் கண் கலங்கிவிட்டது.

"என்ன மச்சாள், மச் எப்பிடி?"

"வெண்டிட்டினம்."

"உங்கடை மகன்?"

"உடுப்பு முழுக்கச் சேறு" என்றேன்.