நான் வெட்டிய வரியும் கோமதிநாயகம் அண்ணாச்சியும்

கோமதிநாயகம் அண்ணாச்சி போய்விட்டார் என்ற சேதி பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசியில் வந்தது. ஆசிரியர் அறையில் அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுத்தர் வாசலில் நின்று, "நம்ம பழைய பி.டி. சார் தவறிட்டாராம். காலையில நெஞ்சு வலின்னு சொன்னாராம், ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சு போச்சாம்" என்றார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் வந்தது பயம். அவரைப் பற்றி எழுதச் சொல்லி நம் ஆசிரியர் மன்றத்தார் கேட்டபோது வேறு ஆளைப் பாருங்கள் என்று நழுவப் பார்த்ததும் அதனால்தான்.

அவரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இருந்தாலும் அந்தக் கைப்பந்து இறுதிப் போட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் பையன்கள் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை நமக்கு. நம் பையன் அடித்த பந்து கோட்டுக்கு ஒரு விரல் வெளியே விழுந்தது. நடுவர் கவனிக்கவில்லை. அண்ணாச்சியே எழுந்து போய், "வெளிய" என்று கையைக் காட்டிவிட்டு வந்தார். கோப்பை போயிற்று. தலைமையாசிரியர் ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "கோட்டுல பட்டா உள்ள, படலைன்னா வெளிய. இதுல யோசிக்கதுக்கு என்ன வே இருக்கு?" என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார். எழுதி வைத்த விதி ஒன்று கிடைத்துவிட்டால் அவருக்கு நிம்மதி.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு அவருக்கு முதல் முறை நெஞ்சு வலி வந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு மருத்துவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கொலஸ்ட்ரால் கூடுதலாக இருக்கிறது என்றார் மருத்துவர். அது என்ன என்று அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "கொழுப்பு" என்றேன். "எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு எங்க அம்மா அஞ்சு வயசுலேயே சொல்லிட்டா. இதுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கணுமாவே?" என்றார். மருத்துவரே சிரித்துவிட்டார்.

அன்று அந்த மருத்துவர் என்னிடம் ஓர் ஆங்கிலத் தாளைக் கொடுத்தார். இதய நோயாளிகள் எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும் என்ற பட்டியல். "நீங்க தமிழாசிரியர்தானே, நல்ல தமிழ்ல எழுதிக் கொடுங்க, அச்சடிச்சு எல்லாருக்கும் கொடுக்கலாம்" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஒரே மாலையில் முடித்துவிட்டேன். கொலஸ்ட்ரால் என்று அப்படியே எழுத என் தமிழ் இடம் கொடுக்கவில்லை. கொழுப்பு என்று போட்டேன். அடுத்த பத்தி வேறு வகைக் கொழுப்புகளைப் பற்றியது. அதற்கும் கொழுப்பு என்றே போட்டேன். படித்துப் பார்த்தால் சொன்னதையே திரும்பச் சொல்வது போல இருந்தது. கூறியது கூறல் குற்றம் என்று வகுப்பில் கத்துகிறவன் அதை எப்படி விடுவேன்? நெய்யையும் வெண்ணெயையும் மேலே முட்டை, ஈரலோடு சேர்த்துவிட்டு இரண்டாம் பத்தியைச் சிவப்பு மையால் அடித்தேன். விலக்க வேண்டியவற்றில் வனஸ்பதியும் ஒன்று என்பது அந்தப் பத்தியில்தான் இருந்தது. மருத்துவர் அவசரத்தில் படிக்காமலே அச்சுக்கு அனுப்பினார்.

அடுத்த மாதம் ஒரு கடையில் அண்ணாச்சியும் நானும் நின்றோம். வனஸ்பதி டப்பாவைத் தூக்கிக் காட்டி, "இங்கிலீஷ்ல என்னமோ கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, என்னது?" என்றார். கொலஸ்ட்ரால் கிடையாது என்று போட்டிருந்தது. "கொழுப்பு கிடையாதுன்னு போட்டிருக்கு அண்ணாச்சி" என்றேன். "அப்ப உம்ம தாளு இதுக்குச் சரிங்குதுல்லா?" என்றார். சரிதான் என்றேன். நெய்யும் நல்லெண்ணெயும் அன்றோடு அந்த வீட்டை விட்டுப் போயின. தாளிக்க, பொரிக்க, இனிப்புச் செய்ய எல்லாவற்றுக்கும் வனஸ்பதி.

ஒன்றரை ஆண்டு கழித்து மருத்துவர் ஆளனுப்பினார். மேசைமேல் என் தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. "ஒரு நோயாளி பெருமையா வந்து சொல்லுதாரு, நான் வனஸ்பதிதான் சாப்பிடுதேன்னு. ஏன்னு கேட்டா இந்தத் தாளைக் காட்டுதாரு. வனஸ்பதியில கொலஸ்ட்ரால் இல்லைங்கது உண்மைதான். தாவர எண்ணெய்ல அது எங்க இருந்து வரும்? ஆனா எண்ணெயைக் கெட்டியாக்கி வச்சிருக்கான்லா, அந்தக் கொழுப்பு உள்ள போயி நம்ம ரத்தத்துல இருக்க கொலஸ்ட்ராலை ஏத்தி விட்டுரும். திங்க கொழுப்பு வேற, ரத்தத்துல ஓடுத கொலஸ்ட்ரால் வேற சார். ரெண்டையும் ஒண்ணாக்கிட்டியளே! நானும் பாக்காம விட்டுட்டேன்." புதிய தாள் எழுதிக் கொடுத்தேன். கொலஸ்ட்ரால் என்றே எழுதினேன். "உங்க சிநேகிதருக்கு இன்னைக்கே சொல்லிருங்க" என்றார்.

அன்று போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணாச்சியின் மாப்பிள்ளை வந்திருந்தார். "இவருதான் மாப்ள, எனக்குத் தாளு எழுதிக் கொடுத்து உயிர் குடுத்த பண்டிதரு" என்று என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி முறை, ஒரு தட்டு நிறையக் கேசரி கொண்டுவந்தார். "கொழுப்பு இல்லாதது வே, பயப்படாமச் சாப்பிடும்" என்றார் அண்ணாச்சி. அதில் வனஸ்பதி மினுமினுத்தது. வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை என்னையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். கேசரியை வாயில் போட்டுக்கொண்டேன். பிரமாதம் என்றேன். பேச வேண்டியதைப் பேசாமல் இருக்க இன்னொரு கரண்டியும் கேட்டேன். அடுத்த வாரம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த வாரம் எட்டு மாதம் வரவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துத் தொலைபேசி அடித்தது.

மருத்துவரிடம் போய் நேராகவே கேட்டேன், என்னால்தானா என்று. "அது ஒண்ணுனாலதான்னு யாரும் சொல்ல முடியாது. அவங்க அப்பாவும் இப்படித்தான் போயிருக்காரு. ஆனா நல்லது செஞ்சிருக்காது" என்றார். முதல் இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு தூங்கப் பார்க்கிறேன். மூன்றாவது விடமாட்டேன் என்கிறது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் வெட்டியதை, கடையில் படித்துச் சொன்னதை, மருத்துவர் திட்டியதை. அவர் அழவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கேசரி சாப்பிட்டியளே தம்பி, அப்பமே தெரியுமா?"

"தெரியும் மதினி."

"ரெண்டாவது கரண்டி கேட்டு வாங்குனியளே."

மதினி சமையலறைப் பக்கம் பார்த்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே டப்பாவைத் தூக்கி வெளிய வச்சிருப்பாக. நீங்க சொன்னா கேப்பாக" என்றார் மெதுவாக. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நண்பர்களே, அந்தப் பழைய தாள் உங்கள் யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். அது தப்பு. எழுதியவன் நான். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்.

அண்ணாச்சியின் நினைவாக என்னிடம் இருப்பதும் அந்தத் தாள்தான். நான் கிளம்பும்போது மதினி உள்ளே போய் எடுத்துவந்து, "இது இங்கன வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க" என்று கையில் கொடுத்துவிட்டார். எண்ணெய்க் கறை பட்டு, மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் காகிதம் ஒட்டியிருக்கிறது. நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நேராக அண்ணாச்சி பென்சிலால் டிக் போட்டிருக்கிறார்.