படித்துறையில் கேட்ட அர்த்தம்

ஸ்ரீரங்கம் படித்துறை. ஈர வேட்டியோடு நிற்கும் இரண்டு ஓய்வுபெற்ற வாத்தியார்களிடம், "வார்ஃப்னா என்னங்க?" என்று கேட்டுவிட்டேன். பினாங்கிலிருந்து தம்பி, "கப்பலை விட்டு இறங்கியதும் வார்ஃபிலேயே நில்லுங்கள்" என்று எழுதியிருக்கிறான்.

"ஆத்தங்கரைக் கிடங்குன்னு அர்த்தம். 'வேர் ஹவுஸ் அட் ரிவர் ஃப்ரண்ட்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தைகளோட முதலெழுத்தைச் சேர்த்தது" என்கிறார் ஒருவர்.

"கதை விடாதே. அது பழைய சொல். கரையை மேடாக்கிக் கட்டினதுக்குப் பேரு" என்கிறார் மற்றவர்.

நாகப்பட்டினம் ரயிலுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அதை விட்டால் கப்பலும் போய்விடும். பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடக் கூச்சமாக இருக்கிறது.

மேலே காத்திருந்த ஜட்காக்காரர் இறங்கி வருகிறார்.

"கப்பலை விட்டு எறங்கினதும் கால் வெக்கிற எடந்தானுங்களே? அங்கயே நில்லுங்க, தம்பி வந்துருவாரு. இப்ப வண்டியில ஏறுங்க."

வண்டி நகர்கிறது. இருவரும் பின்னாலேயே ஓடி வருகிறார்கள்.

"அங்கே கிடங்கு இருக்கான்னு பார்த்து ஒரு கார்டு போடுங்கோ."

"கரை மேடா இருக்கான்னு பார்த்து எனக்கும் ஒண்ணு போடுங்கோ."

விலாசம் கேட்கிறேன். இருவருக்கும் ஒரே வீடு. கார்டு மட்டும் தனித்தனியாக வேண்டுமாம்.