எட்டு நல்ல கத்திரிக்காய்

கல்யாணம் பேசி முடித்த அன்று என் அப்பாவுக்கு மாப்பிள்ளையைவிடக் கத்திரித் தோட்டத்தைத்தான் அதிகம் பிடித்திருந்தது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து, விழுப்புரம் மார்க்கெட்டில் சாயங்காலம் விலை இறங்கிய பிறகு மிஞ்சிய காயை வாங்கித் தின்றே காலத்தை ஓட்டிய மனிதர். ஓமந்தூரைத் தாண்டி ஒன்றரை ஏக்கரில் கத்திரியும் வெண்டையும் காய்த்துத் தொங்குவதைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "எம் பொண்ணுக்கு இனிமே செடியிலேர்ந்து நேரா சட்டிக்குத்தான்" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் ஆசைதான். பொய் சொல்லுவானேன்?

வந்த மூன்றாம் நாளே விஷயம் விளங்கிவிட்டது. இந்த வீட்டில் காய் இரண்டு வகை. விற்கிற காய், தின்கிற காய். சாயங்காலம் பறித்து வந்து கொட்டாயில் குவிப்பார்கள். மாமியார் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தரம் பிரிப்பார். பளபளவென்று இருப்பதெல்லாம் கோணிக்குள் போகும். விடிவதற்குள் குட்டியானை வண்டி வந்து திண்டிவனம் மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். ஓட்டை விழுந்தது, கோணிக்கொண்டது, முற்றி மஞ்சளடித்தது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடைக்கு வரும். அந்தக் கூடை அடுப்படிக்கு வரும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறியவரும் இல்லை. காய் போடுகிற வீடெல்லாம் இந்தப் பக்கம் இப்படித்தான்.

ஒருநாள் துணிந்து, நல்ல காயில் நாலு எடுத்து ஆக்கட்டுமா என்று மாமியாரிடம் கேட்டேன். "விக்கிற காய எவளாவது ஆக்கித் தின்னுவாளாம்மா?" என்று மாமியார் என்னைப் பார்த்த பார்வையில், நான் என்னவோ தாலியை விற்று சினிமா பார்க்கப் போகலாம் என்று சொல்லிவிட்டது போலிருந்தது. அவரைக் கஞ்சம் என்றும் சொல்லிவிட முடியாது. எனக்குப் பிரசவமானபோது ஆள் அனுப்பிப் புதுச்சேரியிலிருந்து ஆப்பிளும் மாதுளையும் வரவழைத்துத் தந்தவர் அவர்தான். விருந்தாளி வந்தால் காலிபிளவரும் பீன்ஸும் கடையில் வாங்கி ஆக்கிப்போடுவார். தன் செடியில் விளைந்த நல்ல கத்திரிக்காயைத் தின்பதற்கு மட்டும் மனசு வராது.

ஆகவே நான் சொத்தைக் கத்திரிக்காயில் சமையல் கற்றுக்கொண்டேன். வெளியே குண்டூசி முனை அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும். உள்ளே புழு ஒரு வீடே கட்டிக் குடியிருக்கும். ஒவ்வொரு காயையும் பிளந்து பார்த்து, கெட்ட பக்கத்தைச் சீவி எறிந்து, தேறியதைத் துண்டு துண்டாக நறுக்கித் தண்ணீரில் போட வேண்டும். எங்கள் வீட்டில் நடந்த சமையலெல்லாம் துண்டுச் சமையல்தான். கடைசல், பொரியல், கேப்பைக் களிக்குக் காரக்குழம்பு. வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாயோடு வேகவைத்து மத்தால் கடைந்துவிட்டால் காய் நேற்று எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியப்போகிறது? காம்போடு முழுசாகக் கீறிப் போட்டு வைக்கிற குழம்பு பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட நடக்கவில்லை. முழுசாகப் போட்டால் புழுவும் முழுசாகத்தானே வெந்து வரும்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், பிறந்த வீட்டுக்குப் போனால்தான் எனக்கு நல்ல கத்திரிக்காய் கிடைக்கும். "திண்டிவனம் லோடாம்டி, புதுசு" என்று அம்மா மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்து காட்டுவாள். அது எங்கள் கோணியில் போன காயாகவும் இருக்கலாம். எங்கள் தோட்டத்துக் காயைத் தின்ன நான் பஸ் ஏறி விழுப்புரம் போக வேண்டியிருந்தது.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வாரம் தவறாமல் போன் பண்ணுவார். "இன்னிக்கி இன்னாம்மா சமையல்?" என்பார். "நம்ம தோட்டத்துக் கத்திரிக்காதாம்பா" என்பேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்தப் பக்கம் அவர் சந்தோஷமாகத் தொண்டையைச் செருமுவது கேட்கும். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிற சிநேகிதர்களிடம் போய் அதை அவர் பெரிதாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். போன தடவை போனபோது அவர்களில் ஒருவர், "நீதானம்மா செடியிலேர்ந்து சட்டிக்கு?" என்றே என்னைக் கேட்டார்.

இந்த வருஷம் அப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. பத்தியமெல்லாம் முடிந்து, எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவருக்கு நாக்கு திரும்பவில்லை. இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. எல்லாம் கசக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார். அம்மா போனில் அழுதாள். "இன்னா ஆக்கிப் போட்டாலும் வேணாம்ங்கிறாருடி. இப்பிடியே போனா இன்னா ஆவறது? உன் வீட்டுக்குப் போனா திம்பாராம். உன் கையால, செடியிலேர்ந்து அப்பவே பறிச்ச கத்திரிக்கா. காம்போட முழுசா கீறிப் போட்டு வைக்கணுமாம். அதையே சொல்லிக்கினு இருக்காரு." அந்த மனிதர் கேட்டது உலகத்தில் எல்லாரிடமும் இருக்கிற ஒரு காய், என்னிடம் மட்டும் இல்லாத காய்.

மாமியாரிடம் சொன்னேன். அவருக்கு வேறு கவலை. "சம்பந்திக்குப் போயி கத்திரிக்காயா போடறது? ஊர்ல காறித் துப்புவாங்க. காலிபிளவர் வாங்கியாரச் சொல்லலாம்மா" என்றார். கத்திரிக்காய்தான் கேட்கிறார், உடம்பு சரியில்லாதவர் என்று இரண்டு தடவை சொன்ன பிறகு இறங்கி வந்தார். அப்பா வந்து இறங்கிய அன்று காலை, மாமியாரே தோட்டத்துக்குள் போய்ப் பறித்து வந்து என் மடியில் போட்டார். எட்டுக் காய். ஊதா நிறத்தில், கைக்கு அடக்கமாக, காம்பில் முள் குத்துகிற அளவுக்குப் புதுசு. ஒன்றில்கூட ஒரு பொட்டு இல்லை. மாமியாரை அப்போது கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் அதற்குள் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அப்பா அடுப்படி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. நான் அரிவாள்மணை முன் உட்கார்ந்தேன். அம்மாவைப் பற்றி, ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர் பற்றி, ராத்திரியெல்லாம் அவர் விட்ட குறட்டை பற்றி ஏதேதோ பேசினார். நானும் சிரித்துக்கொண்டே பேசினேன். பேச்சு சுவாரசியத்தில் கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திடீரென்று அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். குனிந்து பார்த்தேன். ஐயோ! எட்டுக் காயும் துண்டு துண்டாகத் தண்ணீரில் மிதக்கின்றன. காம்பு எல்லாம் மாட்டுக்குப் போகிற சட்டியில். அதோடு பாதிக்குப் பாதி நல்ல சதையும் சட்டியில். ஒவ்வொரு காயையும் பிளந்து, புரட்டி, இல்லாத புழுவைத் தேடி, இல்லாத சொத்தையைச் சீவி எறிந்திருக்கிறேன்.

"புழு இருந்துச்சாம்மா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கும்மா இப்பிடிச் சீவுற?"

வாசலிலிருந்து மாமியார்தான் பதில் சொன்னார், அதுவும் எத்தனை பெருமையோடு! "அது கைப்பழக்கம் சம்பந்தி! நல்லதெல்லாம் வண்டியில ஏத்தி உட்டுடுவோம் இல்ல, வூட்டுக்குக் கழிச்ச காய்தானே. வந்த புதுசுல ஒண்ணும் தெரியாம முழிச்சிக்கினு இருந்துச்சு. இப்ப பாருங்க, உங்க பொண்ணு மாதிரி சொத்த அறுக்க இந்த ஊர்லயே ஆள் கிடையாது."

"அப்பிடிங்களா" என்றார் அப்பா.

பதினேழு வருஷமாகப் போனில் நான் சொன்னதையெல்லாம் அவர் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. நான் தலையைத் தூக்காமல் அடுப்பைப் பற்ற வைத்தேன். மிஞ்சிய துண்டுகளோடு சின்ன வெங்காயமும் தக்காளியும் போட்டு, புளி குறைத்து, எண்ணெய் குறைத்து, எப்போதும் போல ஒரு குழம்பு வைத்தேன். முழுசாக ஒரு காயும் இல்லாத குழம்பு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்பா சாப்பிட்டார். முதல் சோறு முடிந்ததும் தட்டை நீட்டினார். மறுசோறு வாங்கி, குழம்பு ஊற்றிப் பிசைந்து, வழித்துச் சாப்பிட்டார். கசப்பு என்று சொல்லவில்லை. "உப்பு ஒரு கல்லு கம்மி" என்று மட்டும் சொன்னார். சமையலில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் ஆள் பிழைத்துக்கொண்டார் என்று அர்த்தம். பின்கட்டுக்குப் போய்ச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். மாமியார் என் புருஷனிடம், "சொன்னேன் இல்லடா, உன் பொண்டாட்டி கைமணம் அப்பிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மாமியார் ஒரு கட்டைப்பை நிறையக் கத்திரிக்காய் கொடுத்தார். அத்தனையும் முதல் தரம். பஸ் நிறுத்தம் வரைக்கும் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வந்ததும் நீட்டினேன். அப்பா வாங்கவில்லை.

"எனக்கு உங்கம்மா மார்க்கெட்ல வாங்குவாம்மா. இத நீ ஆக்கித் தின்னு" என்றார். "உன்ன நல்லா திங்கற எடத்துல குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். ஒரு நாளைக்காவது தின்னும்மா."

பஸ் போன பிறகு பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. மாமியார் அடுத்த தெருவில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். என் புருஷன் உரம் வாங்கத் திண்டிவனம் போய்விட்டார். பிள்ளைகள் டியூஷனிலிருந்து வர நேரமிருந்தது. அடுப்பு இருந்தது, எண்ணெய் இருந்தது, காய் இருந்தது. தடுக்க ஒரு ஈ காக்கை இல்லை.

பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். அருமையான காய். அரிவாள்மணை வரைக்கும் போனேன். கை வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நறுக்க மனசே வரவில்லை. இதைப் போய் எவளாவது ஆக்கித் தின்னுவாளா என்று தோன்றியது. மாமியார் குரலில் அல்ல, என் குரலிலேயே தோன்றியது. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அப்பா முகம் வந்தது. அப்படியும் கை வரவில்லை.

கொட்டாய்க்குப் போய், மறுநாள் வண்டிக்குக் கட்டாமல் வைத்திருந்த கோணியில் அத்தனை காயையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்றில் காம்போரம் லேசாக ஒரு கீறல் இருந்தது. அதை மட்டும் குழம்புக்கு என்று எடுத்து வைத்துவிட்டு, கோணி ஊசியை எடுத்து மூட்டையைத் தைத்தேன்.