ஒரு பெயரும் வராத பட்டியல்

லியாவ் மெய்ஷியாவுக்கு ஐம்பத்தொரு வயது. தைவானின் கிழக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிக் கிடக்கும் எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் பத்தொன்பது வருடமாகக் கணினி வேலை. வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். கழுத்துவலி மட்டும் நிரந்தரம்.

சூறாவளி கடந்த மூன்றாம் நாள், தனியாக வசிக்கும் முதியவர்களில் இன்னும் யாரையெல்லாம் போய்ப் பார்க்கவில்லை என்று கணினியைக் கேட்டாள். ஒரு பெயரும் வரவில்லை.

நிலையத் தலைவர் துங் எட்டிப் பார்த்தார். "அப்ப எல்லாரையும் பாத்தாச்சு! மேல சொல்லிடறேன்."

"பொறுங்க சார். ருவான் பெரியவர் வீட்டுக்குப் போற பாலமே உடைஞ்சு கெடக்கு. அவர யாரு பாத்தா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மா?" என்றபடியே போய்விட்டார்.

மெய்ஷியா ஆறிப்போன சாப்பாட்டை மூடி வைத்தாள். முதியவர் பட்டியலில் ருவான் இருந்தார். பார்த்தாயிற்று என்று பதிந்த பட்டியலில் இல்லை. அப்படியானால் பெயர் வந்திருக்க வேண்டுமே! கேள்வியை நாலு விதமாக மாற்றி எழுதினாள். ஒன்றுமில்லை. கண் எரிந்தது. கடைசியில் பார்த்த பதிவுகளை நாள் நாளாகப் பிரித்துக் கேட்டாள். ஞாயிறை மட்டும் வைத்தால் பெயர்கள் கொட்டின. திங்களைச் சேர்த்ததும் வெறுமை. திங்களின் அறுபத்திரண்டு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினாள். ஒரு வரியில் அடையாள எண் காலி.

பதிந்தது செவிலி யாபிங். அந்த எண் ஏன் காலி என்று போனில் கேட்டாள்.

"நான் பாத்த அந்தத் தாத்தாவோட அடையாளக் கார்டு வெள்ளத்துல போயிடுச்சுக்கா. நம்பர் அவருக்கே ஞாபகமில்ல. சும்மா விட்டுட்டேன். தப்பா?"

"ஒன் மேல தப்பில்லடி. நீ போய்ப் பாத்தியே, அது போதும்."

அந்தக் காலி இடம் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது கணினியின் கணக்கு. அதனால் எவரைப் பற்றியும் 'இவரைப் பார்க்கவில்லை' என்று கணினியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அத்தனை பேரையும் விட்டுவிட்டது. காலியை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். நாற்பத்தொரு பெயர்கள் வந்தன. அதில் ஒருவர் யாபிங் பார்த்த, கார்டு தொலைத்தவர். ருவான் உட்பட மீதி நாற்பது பேரையும் நிஜமாகவே யாரும் போய்ப் பார்க்கவில்லை.

துங்கின் முகம் வெளுத்தது. "ஒருத்தரும் மிச்சமில்லன்னு சொல்லிட்டேனே. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது?"

"இருக்கிற மூஞ்சியத்தான் சார்."

துங் போனை எடுத்து மேலதிகாரியின் எண்ணை அழுத்தினார்.

மீட்புக் குழு இருட்டுவதற்குள் ருவானை முதுகில் சுமந்து இறக்கியது. கால் வீங்கிப்போய், இரண்டு நாளாக வேகாத நூடுல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தாராம். "இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை, எண் இல்லாமல் எதையும் பதிய முடியாதபடி மெய்ஷியா மாற்றி வைத்தாள். பத்து மணிக்குள் யாபிங்கின் அழைப்பு.

"அக்கா, இங்க மூணு பேருக்குக் கார்டு இல்ல. பதியவே விடமாட்டேங்குது!"

மெய்ஷியா கண்ணை மூடித் திறந்தாள். "பேரும் வீடும் சொல்லு. தற்காலிகமா ஒரு நம்பர் போட்டுத் தர்றேன்," என்று பேனாவைத் தேடினாள்.