கோமதி மேடம் எழுதிவைத்த அட்டை

கோமதி மேடத்தைக் கூப்பிடலாம் என்று என் பட்டன் செல்போனைக் கையில் எடுத்தேன். நான் போட்ட ஏதோ ஒரு அப்டேட்டில் நூலகக் கம்ப்யூட்டர்களில் மறுபடியும் சத்தம் போயிருந்தது. அவரிடம் கேட்டால் ஐந்து நிமிட வேலை. எண்ணைத் தேடுவதற்குள் அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது அவர் கணவர். "கோமதி காலையில போயிட்டா சார். நெஞ்சு வலிக்குன்னா. ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..."

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் நூலகத்தில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தார். போன வருடம்தான் ஓய்வுபெற்றார். நான் நூலகர். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து, எனக்கு முன்னால் கதவைத் திறந்துவைத்திருப்பார். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். எந்த வேலையைச் சொன்னாலும் முதலில் பெருமூச்சுதான் வரும். அவர் அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. "மூச்சு விட்டு முடிச்சிட்டீயன்னா ஆரம்பிப்போம் சார்" என்பார்.

எங்களிடம் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஆன் செய்தால் கால் மணி நேரம் யோசிக்கும். ஓரங்கட்டிவிடலாம் என்றேன். அவர் எங்கோ படித்துவிட்டு வந்து, பழைய மெஷினுக்கு ஏற்ற இலகுவான லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை ஏற்றினார். சத்தத்துக்கான மென்பொருளையும் சேர்க்கவா என்று கேட்டபோது, "லைப்ரரியில சத்தம் எதுக்கு மேடம்?" என்று நான்தான் தடுத்தேன்.

அதன் பலனை அனுபவித்தவள் செண்பகம். வன்னியம்பட்டிக்காரி, பார்வை கிடையாது. அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். வீட்டில் இருந்த ஒரே செல்போன் தம்பியோடு மில்லுக்குப் போய்விடும். பாட வீடியோக்களை எங்கள் கம்ப்யூட்டரில் கேட்கலாம் என்று யாரோ சொல்லி வந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, "மேடம், இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாள். திரையில் பாடம் பாதி ஓடிவிட்டிருந்தது.

கம்ப்யூட்டரில் சேமித்த பாட்டு கேட்டது; பிரவுசர் மட்டும் ஊமை. பிரவுசரிடமிருந்து சத்தத்தை வாங்கி சவுண்ட் கார்டிடம் கொடுக்க நடுவில் ஒரு மென்பொருள் வேண்டுமாம். நான் வேண்டாம் என்றது அதைத்தான். அதை ஏற்றிய பிறகும் வரவில்லை. "நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றேன். கோமதி மேடம் தேர்வுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"இது நம்ம வேலையில்ல மேடம்."

"புள்ள பஸ் ஏறி வந்திருக்கு சார். நம்ம வேலை எதுன்னு பொறவு பாத்துக்கிடுவோம்."

ஒரு பாடம் வாசிப்பார், எழுந்துபோய் கம்ப்யூட்டரை நோண்டுவார், திரும்ப வந்து வாசிப்பார். சாயங்காலம் கண்டுபிடித்தார். சத்தம் ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை ஹெட்போனுக்கு மாற்ற வேண்டும். அதுவும் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே. நிறுத்திவிட்டால் வால்யூம் பட்டியலில் பிரவுசரின் பெயரே இருக்காது. நாங்கள் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வீடியோவை நிறுத்திவிட்டுத் தேடியிருக்கிறோம். செண்பகம் "வருது மேடம்" என்றாள். கோமதி மேடத்துக்குத் தொண்டை கட்டிப்போய் இரண்டு நாள் சைகையிலேயே பேசினார்.

எந்தக் கோளாறைச் சரிசெய்தாலும், பழைய நூல் அட்டவணை அட்டையின் பின்பக்கம் அதை எழுதி, மர இழுப்பறையில் அகரவரிசைப்படி செருகிவைப்பது அவர் பழக்கம். எதற்கு இந்தச் சிரமம் என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு ஞாபகம் இருக்கும் சார். இது உங்களுக்கு" என்றார். நான் சிரித்தேன். ஒரு அட்டையையும் எடுத்துப் பார்த்ததில்லை. எதற்கும் போன் போட்டால் போதும் என்று இருந்துவிட்டேன்.

ராஜபாளையத்தில் எல்லாம் முடிந்து, மறுநாள் நூலகத்தைத் திறந்தேன். செண்பகம் வந்தாள். தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மேடத்தின் செய்தி அவளுக்கும் தெரிந்திருந்தது. சத்தம் வரவில்லை என்றதும், "அப்ப நான் போயிட்டு வாரேன் சார்" என்று எழுந்தாள்.

"செத்த நேரம் இரும்மா" என்றேன்.

'ஒ' இழுப்பறையில் அட்டை இருந்தது. 'ஒலி: பிரவுசரில் மட்டும் வரவில்லை' என்று தலைப்பு. கீழே நான்கு வழிகள். வீடியோவை ஓடவிட்டுத்தான் நான்கையும் செய்தேன். வரவில்லை. ஐந்தாவதாக, வேறு பேனாவில் ஒரு வரி: "இம்புட்டும் செஞ்சு வரலன்னா, வார வரைக்கும் வாசிச்சுக் காட்டுங்க சார்."

பெருமூச்சு வந்தது. முடியும்வரை காத்திருக்க ஆள் இல்லை. செண்பகத்துக்குக் கேட்காமல் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு புத்தகத்தை எடுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்திலேயே தொண்டை வறண்டுவிட்டது. செண்பகம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், அவிய கமா வந்தா நிப்பாவ. நீங்க ஓடுதீய."

சத்தம் இன்னும் வரவில்லை. அட்டையை இழுப்பறையிலேயே திரும்ப வைத்துவிட்டேன். வழி கிடைத்தால் அதன் கீழே எழுத வேண்டும். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ஐந்தாவது வரியை மட்டும்தான். நாளை காலை செண்பகம் வருவாள். மூன்றாவது பாடம். கமாவில் நின்று வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.